பாழ்பட்ட கற்சமாதியும் பழமை ஆராய்ச்சியின் கடமையும்

பழமையைப் போற்றுதல் வேறு. பழமையை ஆராய்தல் வேறு. முன்னது அன்பின் தொழில். பின்னது அறிவின் தொழில். அன்பு மட்டும் உடையோர் ஆராயாது போற்றுவராயின், மெய்வரலாறு மறைந்து கட்டுக்கதை அதன் இருக்கையில் அமர்ந்துவிடுகின்றது. அறிவு மட்டும் உடையோர் போற்றாது ஆராய்வராயின், ஆராயப்படும் பொருளே அவர் கையில் அழிந்தொழிகின்றது. இவ்விரண்டும் ஒருங்கு கூடிய இடத்திலேதான் பழம்பொருளாராய்ச்சி ஒரு சாஸ்திரம் என்னும் பெயருக்கு உரியதாகின்றது. இதனை எடுத்துக்காட்டற்கு எகிப்து தேசத்துக் கூர்நுதிக் கோபுரங்களையோ, பொன்னும் மணியும் புதைந்து கிடந்த அரசர் கல்லறைகளையோ நாடவேண்டுவதில்லை. ஆங்கில நாட்டின் தென்கீழ்ப் பகுதியாகிய கெண்ட் மாகாணத்திலே, புல் மண்டிய ஒரு மேட்டின்மேல் சரிந்தும் சாய்ந்தும் கிடக்கும் சில முரட்டுக் கற்கள் அதற்குப் போதும். அவற்றைக் கோல்ட்ரம் கற்கள் என்பர்.

‘நம் நாட்டிற் பழமைக்குப் பஞ்சமோ? கடல் கடந்து சென்று ஒரு பாழ்ங்கல்லறையைப் பேசுவானேன்?’ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. விடை இதுவாம்: கோல்ட்ரம் மிகப் பெரியதன்று, அழகியதும் அன்று, அங்கே பொற்குவியல் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் வெவ்வேறு கருவிகளோடு அதனை அணுகி, ஒருவர் விட்டதை மற்றொருவர் தொட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். ஆகலின், ஆராய்ச்சி எங்ஙனம் வளர்கின்றது, எங்கே தவறுகின்றது, முன்னோர் செய்த எச்செயலாற் பின்னோர் பயனடைகின்றனர் என்பன எல்லாம் அச்சிறு மேட்டிலே தெளிவாகக் காணக் கிடக்கின்றன. பொன் கிடைத்த இடத்தில் மக்கள் பொன்னையே நோக்குவர். எலும்பும் கல்லும் மட்டுமே கிடைத்த இடத்திலேதான் ஆராய்ச்சியின் இயல்பை நோக்க இயலும்.

கெண்ட் மாகாணத்தில் மெட்வே என்னும் ஆற்றின் இருமருங்கிலும் பழைய பெருங்கற் சமாதிகள் சில உள. ஆற்றுக்கு மேற்கே கோல்ட்ரம், ஆடிங்டன், செஸ்நட்ஸ் என்னும் மூன்றும், கிழக்கே கிட்ஸ் கோட்டி முதலியனவும் அமைந்துள்ளன. கோல்ட்ரம் இருப்பது டிராட்டிஸ்கிளிப் என்று எழுதி டிராஸ்லி என்று வழங்கும் சிற்றூரின் அருகே. மண்ணைக் குவித்து நீண்ட மேடாக்கி, அதன் விளிம்பைச் சுற்றிக் கல் நாட்டி, கிழக்கு முனையிலே பெரும் பலகைக் கற்களால் ஓர் அறை எடுத்திருக்கின்றனர். மேட்டின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். கிழக்கே அகலம் சுமார் 15 மீட்டர். மேற்கே செல்லச் செல்ல அது குறுகுகின்றது. அறையின் உள்ளளவு ஏறக்குறைய 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் ஆம். சார்சன் என வழங்கும் கடிய மணற்பாறைக் கற்கள் ஏறத்தாழ ஐம்பது இதற்குப் பயன்பட்டன என்பர். அவை அவ்வட்டாரத்திலேயே கிடைப்பன. இன்றோ அறையின் கூரை இல்லை. முகப்பின் பெருங்கற்கள் கிழக்குச் சரிவிலே வீழ்ந்து கிடக்கின்றன. விளிம்புக் கற்களும் தலைசாய்ந்துவிட்டன.

இதனைக் கட்டியோர் யாவர்? அவர்கள் இரும்பையும் அறியார், செம்பையும் அறியார். கல்லைத் தீட்டிக் கோடரியாக்கி, காட்டை வெட்டி, பயிரிட்டு, ஆடு மாடு வளர்த்த புதிய கற்காலத்து மக்கள் அவர்கள். சக்கரம் பூட்டிய வண்டி பிரிட்டனில் அக்காலத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. கயிறும் உருளைக்கட்டையும் மண்சரிவும் ஒற்றுமையுமே அவர்தம் பொறிகள். வேட்டையாடித் திரிந்த காலத்தை விட்டு உழவுத்தொழிலை மேற்கொண்ட மக்கள், தாம் உயிர்வாழும் குடிசையை மரத்தாலும் தழையாலும் கட்டிக்கொண்டு, இறந்தோர்க்கு மட்டும் கல்லால் அழியா வீடு எடுத்தனர். ஒரு நிலத்தை இது எம் முன்னோர் துஞ்சும் நிலம் என்று உரிமை கூறுதற்கு அக்கல்வீடு ஓர் அடையாளமாய் இருந்திருக்கக்கூடும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இத்தகைய கட்டடம் எவ்வாறு பாழாயிற்று என்பதும் கருதத்தக்கது. காலம் ஒன்றே அதனை வீழ்த்திற்று என்று சொல்லித் தப்பிவிடலாகாது. செஸ்நட்ஸ் சமாதியை 1957ஆம் ஆண்டில் ஜான் அலெக்ஸாண்டர் அகழ்ந்தபொழுது, இடைக்காலத்தில் யாரோ அதன் அறையைக் குடைந்து புரட்டிப் போட்டுள்ளமை புலனாயிற்று. புதையல் தேடியோரின் செயல் என்பது அவர் கொண்ட முடிபு. பழைய சமயச் சின்னம் என்று வெறுத்து இடித்தனர் என்று கொண்டாரும் உளர். ஆடிங்டன் மேட்டை ஒரு பாதை ஊடறுத்துச் செல்கின்றது. கிட்ஸ் கோட்டியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1669ஆம் ஆண்டில் சாமுவேல் பீப்ஸ் அதனைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினார். 1722இல் வில்லியம் ஸ்டியூக்லி அதனைப் படமாக வரைந்தார். அப்படத்திற் காணும் நீண்ட மேடு ஆண்டுதோறும் உழுத ஏரினாற் கரைந்து இன்று கண்ணுக்குப் புலப்படாதாயிற்று. மேட்டின் மேற்கு முனையில் ‘தளபதியின் கல்லறைக்கல்’ என்று மக்கள் வழங்கிய ஒரு கல்லும் 1867இல் உடைக்கப்பட்டது. எஞ்சிய நான்கு கற்களைக் காத்தற்கு, சர் ஜான் லபக் முயன்று 1882இல் நிறைவேற்றிய பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியதாயிற்று. மேடு அழிந்தபின் வேலி வந்தது!

மெய்வரலாறு மறந்த இடத்திலே கதை முளைப்பது உலகியற்கை. கிட்ஸ் கோட்டியைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுப் போரிலே பட்ட காட்டிகெர்ன் என்னும் பிரிட்டானிய இளவரசனின் சமாதி என்றனர். கோல்ட்ரத்திலும் போரில் வீழ்ந்த இளவரசன் புதைக்கப்பட்டான் என்றனர். இக்கற்களை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை ஒருகாலும் ஒத்து வராது என்பதும் அவ்வூர்க் கதையே. இதனைக் கேட்டு நகைத்தற்கு நமக்கு உரிமையில்லை. நம் நாட்டிலும் பழைய கற்றிட்டைகளைப் பாண்டவர் வனவாசத்திலே கட்டிய வீடுகள் என்றும், குள்ளர் குடியிருந்த மனைகள் என்றும் சொல்லுவோர் உளர். கதைகள் பொய்யாயினும் ஒரு நன்மை செய்தன: அச்சத்தாலோ வியப்பாலோ சில கற்களை உடையாமற் காத்தன. ஆனால் கதை காவலனாயிருக்கலாமேயன்றி ஆசிரியனாகாது.

இனி ஆராய்ச்சியின் வரலாற்றைக் காண்போம். கோல்ட்ரத்திற் கிடப்பது கல்வட்டமோ கல்லறையோ என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பலர்க்கு ஐயமாயிருந்தது. 1910ஆம் ஆண்டில், நிலநூல் வல்லவராகிய எப். ஜே. பென்னட் என்பார் அறையை அகழ்ந்து மனித எலும்புகள் பலவற்றைக் கண்டெடுத்தார். கண்டெடுத்ததோடு நில்லாமல் இரண்டு நற்காரியங்களைச் செய்தார். எலும்புகளை உடற்கூற்றிற் பேர்பெற்ற ஆர்தர் கீத் என்பாரிடம் ஒப்புவித்தார்; மூன்றே ஆண்டுகளில், 1913இல், அகழ்ந்த வரலாற்றை அச்சேற்றினார். கீத் எழுதிய எலும்பாராய்ச்சியும் அதனோடு உடன் வெளிவந்தது. 22 பேருடைய எலும்புகள் உள்ளன என்றும், மண்டையோடுகளிற் காணும் சில பொதுவான கூறுகளை நோக்கின் அவர்கள் ஒரே குடும்பத்தின் தலைமுறையினராய் இருத்தல் கூடும் என்றும் கீத் கருதினார். பின்னர் 1920களில் பில்கின்ஸ் என்பார் மீண்டும் அகழ்ந்து, 1928இல் அறிக்கை வெளியிட்டார். 1926ஆம் ஆண்டில் இவ்விடம் தேசிய பொதுநலக் காப்பு நிறுவனமாகிய நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது. அது பெஞ்சமின் ஹாரிசன் என்பாரின் நினைவாக அளிக்கப்பட்டது. அந்த ஹாரிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இத்தம் என்னும் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடைக்கணக்கு எழுதிய கையாலே கற்கருவிகளைத் தேடித் திரட்டி வாழ்நாளைக் கழித்தவர். பட்டம் பெற்றவர்க்கே ஆராய்ச்சி உரியது என்று எண்ணி ஒதுங்குவோர் இப்பெயரை மனத்திற் கொள்ளல் நன்று.

இங்ஙனம் அகழ்ந்தெடுத்த எலும்புகள் பெட்டிகளிலும் நிலைப்பேழைகளிலும் பல்லாண்டு உறங்கின. பென்னட்டும் கீத்தும் கனவிலும் காணாத கருவிகள் இதற்கிடையில் தோன்றின. உயிருள்ள பொருள் யாவும் காற்றிலுள்ள கரிமத்தை நேரேயோ உணவின் வழியாகவோ ஏற்கின்றன. அதிலே கதிர்வீசும் கரிமமும் ஒரு சிறு பங்கு உண்டு. உயிர் நீங்கியபின் புதுக் கரிமம் புகுவதில்லை. உள்ள கதிர்க்கரிமமோ ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாய்க் குறைகின்றது. எஞ்சியதை அளந்தால் இறந்த காலத்தை உய்த்துணரலாம். இவ்வுண்மையை வில்லார்ட் லிப்பி என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் 1940களின் இறுதியில் நிலைநாட்டினார். தொடக்கத்தில் இவ்வளவைக்குப் பெருந்துண்டு எலும்பு வேண்டியிருந்தது; 1970களின் இறுதியிலிருந்து வளர்ந்த நுண்கருவிகளுக்கோ ஒரு சிறு துணுக்கே போதும்.

2013ஆம் ஆண்டில் வைசாக்கி முதலியோர் கோல்ட்ரம் எலும்புகளை இத்தகைய புதுமுறைகளால் ஆராய்ந்து வெளியிட்ட முடிபுகள் வியக்கத்தக்கன. இப்பொழுது கைக்கு எட்டும் எலும்புகளைக்கொண்டு ஐயமின்றிக் கூறத்தக்க மிகக் குறைந்த தொகை 17 பேர் என்றனர். அவருள் ஆடவர், பெண்டிர், சிறுவர் எல்லாரும் உளர். முதல் அடக்கம் கி.மு. 3980க்கும் கி.மு. 3800க்கும் இடைப்பட்டது. சில தலைமுறை அறை வாளா கிடந்தபின், கி.மு. 3730க்கும் 3540க்கும் இடையே மீண்டும் எலும்புகள் வைக்கப்பட்டன. எனவே ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் நாட்டப்படுதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது இச்சிறு மேடு. எலும்புகள் சிலவற்றிற் கருவி பட்ட வெட்டுத் தழும்புகள் காணப்பட்டன. இறந்த உடலை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பின் அறையில் இட்டனர் என்பது அதனாற் புலப்பட்டது. மண்டையோடு ஒன்றில் ஆறாத முறிவு ஒன்று இருந்தது. அமைதியான ஆயர் வாழ்க்கை என்று நாம் கற்பனை செய்யும் அக்காலத்திலும் கொடுமை இல்லாமலில்லை. எலும்பிலே படிந்துள்ள நைட்ரஜன் அளவு அவர்கள் உணவில் விலங்கினின்று பெற்ற ஊனோ பாலோ மிகுதியாய் இருந்திருத்தல் கூடும் என்று காட்டிற்று.

இம்முடிபுகளிற் பென்னட் அறிந்தது எத்துணை? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் அவர் எலும்புகளை எறிந்துவிடாமல் வைத்ததனாலன்றோ இவை யாவும் நமக்குக் கிட்டின! பதினேழாம் நூற்றாண்டில் மார்ல்பரோ நகரத்து மருத்துவர் தூப் என்பார், ஏவ்பரி வட்டாரத்திலே பழைய மனித எலும்புகளைத் தோண்டி மூட்டையாகக் கொண்டுபோய்த் தம் அயலார்க்கு மருந்து செய்து கொடுத்தார். அதனைப் பெருமையாகக் கடிதமும் எழுதினார். அவர் தீயவர் அல்லர், நோயாளர்க்கு இரங்கியவரே. ஆயினும் அவர் உரலில் இடித்தது என்ன என்று இப்பொழுது எண்ணிப் பார்க்க மனம் நோகின்றது. பென்னட்டுக்கும் தூப்புக்கும் இடையேயுள்ள வேறுபாடு அறிவின் அளவில் மட்டும் இல்லை. தமக்குப் பயன் விளங்காத பொருளையும் பின்னே வருவோன் ஒருவன் விளங்கிக்கொள்வான் என்று நம்பி வைத்தவர் ஒருவர். தமக்கு விளங்கிய பயனையே முடிந்த பயனாகக் கொண்டவர் மற்றவர்.

கீத் கூறிய குடும்பக் கருத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். மண்டையோட்டின் வடிவுகொண்டு உறவை நாட்டுதல் உறுதியன்று என்று பின்வந்தோர் அதனை ஐயுற்றனர், ஐயுற்றது சரியே. ஆனால் கிளாஸ்டர்ஷயரில் உள்ள ஹேசில்டன் வடக்கு என்னும் மற்றொரு கற்சமாதியை எடுத்துக்கொள்க. அது 1979 முதல் 1982 வரை ஆலன் சாவில் என்பாரால் முறையாக அகழப்பட்டது. அதனுட் கிடந்த 35 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட செய்தி இது: அவருள் 27 பேர் ஐந்து தலைமுறை கொண்ட ஒரே குடும்பத்தினர், ஓர் ஆடவனும் அவன் மக்களைப் பெற்ற பெண்டிர் நால்வரும் அக்குடும்பத்தின் வேர். அப்பெண்டிருள் இருவர் வழியினர் ஓர் அறையிலும், ஏனை இருவர் வழியினர் மற்றோர் அறையிலும் இடப்பட்டனர். ஏட்டுவரலாறு பிறப்பதற்கு முற்பட்ட ஒரு குடும்பத்தின் வம்சாவளியை நாம் இன்று வரைந்து காட்ட முடிகின்றது! கோல்ட்ரத்தைப் பற்றிய கீத்தின் கருத்து இதனால் மெய்ப்பட்டுவிட்டது என்று கூறலாகாது. ஓரிடத்துச் சான்று மற்றோரிடத்துக்கு முடிபாகாது. கேட்கத்தக்க வினாவை அவர் கேட்டார் என்பது மட்டும் விளங்குகின்றது.

இவற்றினின்று எம் கருத்தைத் தொகுத்துக் கூறுவோம். அகழ்தல் என்பது ஓர் ஏட்டைப் படித்தபடியே எரிப்பது போன்றது. ஒருமுறை தோண்டிய மண்ணடுக்கை மறுமுறை எவராலும் தோண்டவியலாது. ஆகவே அகழ்வோர்க்குக் கடமைகள் நான்கு உள. முதலாவது, கண்டதைக் கண்டவாறே, கண்ட இடத்தோடும் ஆழத்தோடும் எழுதி வைத்தல். இரண்டாவது, எழுதியதைக் காலந்தாழ்த்தாது வெளியிடுதல். மூன்றாவது, பயனற்றது என்று தோன்றும் எலும்பையும் ஓட்டையும் கரியையும் பேணுதல். நான்காவது, எல்லாவற்றிலும் அரியது, ஒரு பகுதியைத் தோண்டாமலே விட்டுவைத்தல்.

நான்காம் கடமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வில்ட்ஷயரில் மேற்குக் கென்னட் என்னும் பெருஞ்சமாதி ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுடையது. அதனை 1859இல் ஜான் தர்னம் என்பார் அகழ்ந்தார். இடைகழியையும் கோடியிலுள்ள அறையையும் கண்ட அவர், பக்கத்து அறைகள் நான்கு இருப்பதை அறியாது விட்டுவிட்டார். அறியாமையே அங்கு அருளாய் முடிந்தது. 1955, 1956ஆம் ஆண்டுகளில் ஸ்டூவர்ட் பிகட்டும் ரிச்சர்டு அட்கின்சனும் அவ்வறைகளை அக்காலத்து நன்முறையில் அகழ்ந்தனர். அவர் பேணிய எலும்புகளைக்கொண்டு, அங்கு இடப்பட்ட சுமார் 36 பேரும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துள்ளே அடக்கம் செய்யப்பட்டவர் என்று 2007இல் அறிஞர் கணக்கிட்டனர். நெடுங்காலமாகத் தலைமுறை தலைமுறையாய் அடக்கம் நிகழ்ந்தது என்று பலர் நினைத்திருந்த நினைப்பு அதனால் மாறிற்று. தர்னம் அன்றே எல்லாவற்றையும் கிளறியிருப்பின் இம்முடிபு நமக்கு வாய்த்திராது. தற்செயலாய் விளைந்த இந்நன்மையை இனி அறிந்தே செய்வோம் என்பதுதான் எம் வேண்டுகோள்.

இதனை மறுப்போரும் உளர். ‘இறந்தோரின் துயிலைக் கலைத்தல் முறையோ? எலும்பை எடுத்துப் பேழையில் அடைப்பது மனிதப் பண்பாகுமோ?’ என்பார் ஒரு சாரார். இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் கூடாது. மனித எலும்பு வெறும் பண்டமன்று. அதனைக் காட்சிப்பொருளாக்கி வேடிக்கை காட்டுதல் இழிவு. ஆயினும் கோல்ட்ரம் போன்ற இடங்களில் இறந்தோரின் துயிலைக் கலைத்தவர் ஆராய்ச்சியாளர் மட்டும் அல்லர். அவர்க்கு முன்பே ஏரும், கல்லுடைப்போன் சம்மட்டியும், புதையல் தேடுவோன் கடப்பாரையும் இவ்வட்டாரத்துச் சமாதிகளைக் கலைத்துவிட்டன. பெயரும் மறந்து, குலமும் மறந்து, இருந்ததே மறந்துபோன மக்களுக்கு அவர் உண்டது இது, பட்ட புண் இது, உற்றார் இவர் என்று மீண்டும் ஒரு வரலாறு தேடித் தருதல் அவமதிப்பன்று, மறதியினின்று மீட்டலாம். மரியாதையோடு எடுத்து, மரியாதையோடு ஆராய்ந்து, மரியாதையோடு பேணுதலே இங்கு அறம்.

‘பாழாய்க் கிடப்பதைப் பழையபடி கட்டி நிறுத்தினால் காண்போர்க்கு இன்பமாகுமே’ என்பார் மற்றொரு சாரார். அயர்லாந்தில் நியூகிரேஞ்சு என்னும் புகழ்பெற்ற சமாதியை 1962 முதல் 1975 வரை மைக்கேல் ஓ’கெல்லி அகழ்ந்தபின், அதன் முகப்பிலே வெண்கற்களைக் காரைச்சுவரிற் பதித்துச் செங்குத்தாய் எழுப்பினர். காட்சி அழகியதே. ஆனால் ஐயாயிரம் ஆண்டுக்கு முன் அது அவ்வாறுதான் நின்றதோ என்று அறிஞர் பலர் ஐயுற்று வாதிடுகின்றனர். அங்குச் செல்வோர் காண்பது கற்கால மக்களின் கருத்தையோ, இருபதாம் நூற்றாண்டுக் கொத்தனின் கைவேலையையோ என்று பிரித்தறிதல் அரிது. சாய்ந்த கல் மேலும் சாயாமல் முட்டுக்கொடுத்தல் வேறு. இல்லாத சுவரைக் கற்பித்து எழுப்புதல் வேறு. இடிந்த நிலையும் அக்கட்டடத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே. அதனைத் துடைத்தெறிய நமக்கு உரிமையில்லை. கோல்ட்ரம் பாழாய் நிற்பது அதன் குறையன்று, அதன் நேர்மை.

இனி நம் நாட்டை நோக்குவோம். மீடோஸ் டெய்லர் முதலாய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர், தக்காணத்துக் கற்சமாதிகளைக் கண்டவுடன் தம் நாட்டுச் சமாதிகளின் உருவம் நினைவுக்கு வர, இரண்டும் ஓரினத்தார் செயல் என்று கருதத் தலைப்பட்டனர். உருவ ஒப்புமை கண்ணை மயக்கும். பிரிட்டனின் இக்கற்சமாதிகள் உலோகமறியாத மக்கள் கட்டியவை. நம் தென்னாட்டுப் பெருங்கற் சமாதிகளோ பெரும்பாலும் இரும்பின் பயனை அறிந்த மக்களுடையவை. 1947இல் மார்ட்டிமர் வீலர் பிரமகிரியில் மண்ணடுக்கு மண்ணடுக்காக அகழ்ந்து, நம் சமாதிகள் அந்நாட்டுச் சமாதிகளோடு காலத்தால் ஒவ்வாமையைத் தெளிவித்தார். கல்லை அடுக்கிக் கல்லறை செய்யும் எண்ணம் வெவ்வேறு மக்கட்கு வெவ்வேறு காலத்தில் தானே உதித்தல் கூடும். எனவே கோல்ட்ரத்திலிருந்து நாம் கற்கவேண்டியது உறவுமுறையன்று, ஒழுங்குமுறை.

அவ்வொழுங்குமுறையை அளவுகோலாகக் கொண்டு ஆதிச்சநல்லூரை அளந்து பார்க்க. பொருநையாற்றங்கரையிலுள்ள அத்தாழிக்காட்டை 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தோண்டினார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் நகருக்குச் சென்றன. பின்னர் 1899 முதற் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தார்; அவர் தொகுத்த பொருட்பட்டியல் 1915இல் சென்னையில் அச்சாயிற்று. 2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்து தாழிகள் பலவற்றை வெளிக்கொணர்ந்தனர். ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் அதன் முழு அறிக்கை மக்கள் கைக்கு வாராதிருந்தது. பென்னட் தம் மூன்றாண்டு உழைப்பிற் செய்ததை ஓர் அரசாங்கத் துறை பத்தாண்டிலும் செய்யாதிருப்பின், அக்குறையைச் சுட்டிக்காட்டுதல் தேசத்துரோகமன்று, தேசத்தொண்டு. பழமையைப் பற்றி மேடைகளிற் பெருமை பேசுவோர் தொகை நம்மிடையே குறைவன்று. அப்பெருமைக்கு ஆதாரமான ஓட்டுச்சில்லு எந்தப் பெட்டியில், எந்த எண்ணோடு, எந்த நிலையில் இருக்கின்றது என்று கேட்போர் தொகையே குறைவு.

மாணவ நண்பர்காள்! உங்களுள் எல்லாரும் அகழ்வாராய்ச்சியாளர் ஆகப்போவதில்லை; ஆகவேண்டுவதும் இல்லை. ஆனால் உங்களுள் ஆசிரியராவோர் பலர், வழக்கறிஞராவோர் சிலர், ஊராட்சியிலும் அரசாங்கப் பணியிலும் அமர்வோர் பலர், வயலும் தோட்டமும் உடையோரும் உளர். உங்கள் ஊர்ப்புறத்துப் பொட்டலிற் கல்வட்டம் ஒன்று கிடக்கலாம். கிணறு வெட்டுங்கால் தாழியின் விளிம்பு ஒன்று தலைகாட்டலாம். சாலைக்குச் சல்லி வேண்டி ஒருவன் பதுக்கைக் கல்லை உடைக்கக்கூடும். அன்று உங்கள் கையிலே கடப்பாரை இராது; ஆனால் ஒரு சொல் இருக்கும். ‘நில்! அளந்து எழுதிக்கொள்வோம், தெரிந்தவரை அழைப்போம், அதுவரை தொடாதே’ என்னும் அச்சொல்லைச் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். மளிகைக்கடை ஹாரிசனிடம் இருந்தது அதற்கு மேற்பட்ட மூலதனம் அன்று.

நம் அறிவே முடிந்த அறிவு என்று கருதும் தலைமுறை தன் முன்னோரையும் இழக்கின்றது. தன் வழியினரையும் வஞ்சிக்கின்றது. நமக்குப் பின்னே நம்மினும் நுண்ணிய கருவியும் நம்மினும் தெளிந்த வினாவும் உடையோர் வருவர். அவர் படித்தற்கென்று சில ஏடுகளைப் பிரிக்காமல் விட்டுச் செல்லுதலே கற்றோர்க்கு அழகு. கோல்ட்ரம் மேட்டிலே கூரையிழந்து நிற்கும் அவ்வறை நமக்குக் கூறும் பாடம் இதுவே. அப்பாடத்தை நம் பொட்டல்களிலும் ஆற்றங்கரைகளிலும் நடத்திக் காட்டுவோமாக.